மாப்பிள்ளை கைபட்ட வண்டி

…அதான் சொல்றேன் தம்பி, வண்டி தானா கெட்டுப்போகாது. யாராவது கெடுத்தாத்தான் கெடும். நீ பாட்டுக்கு லிப்ட்ல ஏத்து, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். ஸ்டீயரிங்க நேராத்தான் புடிச்சிருக்கேன். வண்டி என்னடான்னா வலது பக்கமா, ஓரத்துக் கல்லப் பாத்து, நைசா நகருது. முந்தாநாள் கொஞ்சம் அசந்திருந்தா நூடுல்ஸ் கடைக்குள்ளயே போயிருப்பேன். அந்தம்மா கரண்டியோட வெளிய வந்து என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாரு… விடு.

யாரு கெடுத்தாங்கறியா? வேற யாரு, என் மாப்ள. யோம்னு பேரு. பேங்க்ல வேல. போர்டுல குவாக்னு போட்டிருக்கே, நீதான அது? குவாக் தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலன்னா நல்லது. ஆச்சுன்னா மாமனார்கிட்ட வண்டி மட்டும் கேக்காத. ஜூலைல, குழந்தையக் கூட்டிக்கிட்டு காங்னங் கடற்கரைக்குப் போறோம் மாமா, மூணு நாளைக்கு உங்க வண்டி வேணும்னான். குடுத்தேன். திரும்பக் கொண்டாந்து விட்டான். கழுவி, தொடச்சு, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, குனிஞ்சு ரெண்டு கையாலயும் சாவிய நீட்டினான். அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. தப்புப் பண்ணாதவன் எதுக்குய்யா வண்டியக் கழுவுறான்?

மறுநாள் காலைல எடுக்கறேன், இழுக்குது. அவன் கையிலேர்ந்து வந்த மறுநாளே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், சொல்லு.

டயரா? டயர் பாத்தாச்சு. ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கற கடையில காத்து சரியா இருக்குன்னான். போன்ல பேசிக்கிட்டே எடது டயர வலதுலயும் வலத எடதுலயும் மாத்திப் போட்டான், உள்ள எட்டிக்கூடப் பாக்கல. அப்பவும் வலதுலதான் இழுக்குது. அலைன்மென்ட்டு பாக்குற எடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல கோடு கோடாக் காட்டி, எல்லாம் நேரா இருக்கு ஐயா, ரோடுதான் சாய்வு அப்படிங்கறான். ஏன்டா, வொன்ஜு ஊரு ரோடு பூராவுமா எனக்குன்னு சாஞ்சு கெடக்கு? எனக்கு அப்பவே தெரியும், கடற்கரையில அவன் வண்டிய எங்கயோ கல்லுல ஏத்தி இறக்கியிருக்கான். உள்ள ஏதோ வளைஞ்சிருக்கு.

கேட்டேனே. கேக்காம விடுவனா? என் பொறந்த நாள் சாப்பாட்டுல, என் தம்பி, தம்பி பொண்டாட்டி, எதுத்த வீட்டுக்காரரு, எல்லாரும் இருக்கறப்பவே கேட்டேன். எந்தக் கல்லுல ஏத்துனீங்க மாப்ளன்னு. அவன் சாப்புடற குச்சியக் கீழ வெச்சான். தலையக் குனிஞ்சுக்கிட்டு, நான் எதுலயும் மோதல மாமான்னான். நான் விடல. இப்பல்லாம் பசங்க பொய்ய எவ்ளோ மரியாதையாச் சொல்றாங்க பாருங்கன்னேன். எம்பொண்ணு ஹேரான் எந்திரிச்சா. குழந்தைய இடுப்புல வெச்சா. புருஷனக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. பொறந்த நாள் கேக்கு வெட்டவே இல்ல.

மூணு வாரம் ஆச்சு. போன் இல்ல. அடுத்த வாரம் ச்சுசொக். ஊரே புள்ளகுட்டியோட வீடு வந்து சேர்ற பண்டிகை. அப்பா மன்னிப்புக் கேக்காம வரமாட்டோம்னு அம்மாகிட்டச் சொல்லிவிட்டிருக்கா. நானு! மன்னிப்பு! அந்தக் குழந்தைக்கு ரெண்டு வயசு, இப்பத்தான் தாத்தான்னு வாய் திரும்புது… அதுக்காகவெல்லாம் நான் எறங்கி வந்துடுவனா?

அதான் உங்கிட்ட வந்தேன். நீ புதுசாக் கடை போட்டவன், யாரு பக்கமும் சாயமாட்ட. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்ச உடனே போட்டோ எடு. எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பிடு, எம்பொண்ணு நம்பர். கீழ ஒரு வரி, காரணம் இன்னதுன்னு. எங்கிட்டக் கேக்கவே வேணாம். நானே நடுவுல வந்து வேணாம் தம்பின்னு சொன்னாலும் கேக்காத. எனக்குக் கொஞ்சம் இளகின மனசு, கடைசி நேரத்துல மாப்ள பாவம்னு விட்டுக்குடுத்துடுவேன். புரியுதா? நேரா அனுப்பு.

ம்? நாத்தமா? ஆமா, அதையும் எழுது. பத்து கிலோமீட்டர் ஓட்டினாப் போதும், மீன் சுடற வாசன வரும். கடற்கரையில வாங்கின கணவாய் மீன உள்ள உக்காந்து தின்னு சிந்தியிருக்காங்க. சீட்டக் கழட்டியே தேடிட்டேன், ஒரு துண்டு கெடைக்கல. எங்க அபார்ட்மென்ட்ல வண்டிய நிறுத்தினா நாலு பூனை வருது. வந்து முன் சக்கரத்துக்கிட்ட உக்காந்துக்கிட்டு, என்னமோ பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி… வாட்ச்மேன் என்னைய ஒரு மாதிரி பாக்குறான்.

அந்தக் கண்ணாடியில தொங்குற சிலுவையா? அது எங்கூட்டுக்காரி மாட்டினது. சர்ச்சுல அவ பெரிய ஆளு. அவளுக்கு இந்தப் பூசை புனஸ்காரமெல்லாம் ஆகாது. வண்டி வாங்கின அன்னிக்கு நான் முறையா நாலு சக்கரத்துலயும் மக்கொல்லி, அதான் அரிசிக் கள்ளு, ஊத்தி, கும்பிட்டு, வெள்ள நூல் சுத்தின கருவாடு ஒண்ண பானட்டுக்குள்ள கட்டினேன். எங்கப்பா டிராக்டருக்குக் கட்டினாரு, இருவது வருஷம் ஒரு கீறல் இல்ல. இவ ரெண்டே நாள்ல மோப்பம் புடிச்சிட்டா. சண்டை போடல. கழட்டினா, கழுவினா, முள்ளங்கி போட்டு சூப்பு வெச்சா. எதுக்கவே உக்காந்து ஒரு சொட்டு விடாமக் குடிக்க வெச்சா. இன்னொரு தடவ இந்தப் பேய்வேல பண்ணினீங்க, உங்க துணிமணிய உங்க தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன்னா. செய்வா. சொன்னாச் செய்யற ஆளு.

என்ன கைய உதறுற? சுட்டுடுச்சா? வலது சக்கரம் மட்டுமா? எடது சாதாரணமா இருக்கா? அதெப்படி… ஓ, பிரேக்க விட்டாலும் அந்தச் சக்கரத்துல புடிச்ச புடி விடமாட்டேங்குதா. அதனாலதான் அந்தப் பக்கம் இழுக்குதா. பாத்தியா, பாத்தியா, நான் சொல்லல? கல்லுல அடிச்சதுல பிரேக்கு நசுங்கிப்போச்சு. கழட்டு, சக்கரத்தக் கழட்டு. போட்டோ, போட்டோ எடுத்துக்க. இன்னும் கிட்டப் போயி எடு.

…

என்ன அது?

கம்பி. ஆமா, கம்பிதான். ரப்பர்க் குழாயச் சுத்தி முறுக்கியிருக்கு… அதுக்குள்ளதான் பிரேக் ஆயில் ஓடுதா? உள்ள போறது திரும்பி வரமுடியாம கம்பி நெறிச்சிருக்கா. ம். அந்தக் கம்பியில தொங்குற கருப்பா… கரிக்கட்டையா… வாலு இருக்கா. கண்ணு கூட இருக்கா. ம்.

தம்பி, அந்த ஸ்டூல இப்படி நகத்து, உக்காந்துக்கறேன்.

அவன் சாவியக் குடுத்துட்டுப் போன சாயங்காலம். மூணு நாள் கடலோரமாப் போய்ட்டு வந்த வண்டி, காத்து கருப்பு எதாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோன்னு மனசு கேக்கல. கருவாட்ட பானட்ல கட்டினா எங்கூட்டுக்காரி கண்டுபிடிச்சிடுவா. சக்கரத்துக்குப் பின்னாடி கைய விட்டுத் துழாவினேன், தோதா ஒரு குழா அகப்பட்டுச்சு. நூலு அறுந்துடும்னு கம்பி போட்டேன். நல்லா இறுக்கமா. குறட்டால முறுக்கினேன். அப்பறம் ஆகஸ்ட் மழையில அது விழுந்தே போயிருக்கும்னு நெனச்சு… சத்தியமா மறந்துட்டேன் தம்பி.

இப்ப ஒண்ணு பண்ணு. குழாயி பழசு, தானா ஊதிப்போச்சுன்னு எழுதிடு. மாப்ள மேலயும் பழியில்ல, எம்மேலயும் இல்ல. எல்லாருக்கும் நல்லது. என்ன தலைய ஆட்டுற?

அனுப்பிட்டியா? போட்டோவும்? கீழ என்ன எழுதின? "காரணம்: கருவாடு"…

நான் வேணாம்னாலும் கேக்காதன்னேன், சரி. ஆனா இவ்ளோ வெரசாவா?

அடிக்குது. எம்போன்தான். யாரு… மாப்ள.

ஹலோ. ஆங்… மாப்ள. பாத்துட்டீங்களா. … ம். … சிரிங்க, சிரிங்க, பரவால்ல. … ஹேரானும் சிரிக்குதா? … என்னது? … அத்தைக்கு இன்னும் காட்டலையா? … நீங்க கட்டினதாச் சொல்லிடறீங்களா? …

…

தம்பி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க.

வேணாம் மாப்ள. நீங்க மோதலன்னு சொன்னீங்க, நான் நம்பல. அத்தன பேருக்கு முன்னால உங்களத் தலகுனிய வெச்சிட்டேன். தப்பு என்னுது. மீனும் என்னுதுதான், அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ஹேரானையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க. … ஒரு நாள் முன்னாடியே வந்தாக்கூடச் சரி. வீட்ல ஆளு இருந்தா அத்தை என் துணிமணிய வெளிய போடமாட்டா.

ஆனா ஒண்ணு மாப்ள. ச்சுசொக் அன்னிக்குப் பந்தியில அவ சூப்புன்னு எத ஊத்தினாலும், என்ன மீன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கூட உக்காந்து குடிச்சிருங்க.