ஆடாமல் கேட்ட கதை

— ஆடாதண்ணா. காதுகிட்ட கத்திரி இருக்கு.

— நான் எங்கடி ஆடினேன்? உன் கதையைப் படிக்கிறேன், தூக்கம் வருது, தலை தானா சாயுது.

— பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடி. குனிஞ்சா பின்கழுத்து கோணலாப் போயிடும். நாளைக்கு போட்டோ எடுத்துட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது.

— போட்டோல பின்கழுத்து எப்படிடி தெரியும்? இருபது வருஷம் எங்க பதிப்பகத்துல பிழை திருத்தினவன்னு முன்பக்கமா நிக்க வெச்சுத்தான் எடுப்பாங்க.

— இருக்கிறதே நாலு முடி. அதையாவது ஒழுங்கா வெட்டி அனுப்புறேன். எத்தனாவது பக்கத்துல இருக்க?

— மூணாவது. நெருப்புக்கோழி தபால்காரர் வேலைக்குச் சேர்ந்தாச்சு. கடுதாசி எடுத்துட்டுப் போச்சு. கொடுத்துச்சு. திரும்பி வந்துச்சு. மறுநாளும் போச்சு. ஏன் எழுத்தாளரம்மா, இது குழந்தைங்க கதையா, ஆபீஸ் வருகைப் பதிவேடா?

— கேலி பண்ணாத. நாளைக்குக் காலையில நீ இதை உங்க ஆசிரியர் அம்மா மேசையில வெக்கணும். இந்த வருஷத்துக்கு எந்தெந்தப் புத்தகம்னு நாளைக்கு முடிவு பண்ணிடுவாங்கன்னு நீதானே சொன்ன?

— வெக்கிறேன். எனக்கே கொட்டாவி வருதே, அவங்களுக்கு என்ன வரும்னு யோசிக்கிறேன்.

— பிள்ளைங்க யாரும் கொட்டாவி விடல. நாப்பத்தோரு பிள்ளைங்களுக்குச் சொல்லிப் பார்த்துட்டேன். நீ கையில வெச்சிருக்கிற பன்னெண்டு பக்கத்துக்கும் ஒரு பிள்ளைகூட அசையல, தெரியுமா?

— நாப்பத்தோரு பிள்ளைங்களை எங்கடி பிடிச்ச?

— இங்கதான். இதே நாற்காலியில. முடி வெட்டிக்கிட்டே சொன்னேன்.

— கழுத்துல துணியைக் கட்டி, காதுகிட்ட கத்திரியை வெச்சுக்கிட்டு?

— ஆமா.

— அடிப்பாவி. அசைஞ்சா காது போயிடும்னு உட்கார்ந்திருக்கும்டி அதுங்க. நானே இப்போ மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாத. நான் முறைப்படிதான் செஞ்சேன். போன கதையைத் திருப்பி அனுப்பினப்போ கடிதத்துல என்ன எழுதியிருந்தாங்க? ‘அடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அசையாமல் கேட்கும் இடங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.’ கண்ணாடி ஓரத்துல செருகி வெச்சிருக்கேன் பாரு.

— அதை எதுக்கு அங்க செருகி வெச்ச? பவுடர் எல்லாம் படும். எடுத்து உள்ள வை.

— இருக்கட்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை பண்ணினேன். காதுல ஒரு பென்சில் வெச்சுக்கிட்டேன். பிள்ளை ஆடின இடத்துல எல்லாம் ஒரு பெருக்கல் குறி. எல்லாரும் முடிஞ்சதும் உட்கார்ந்து எண்ணினேன். குறி விழுந்த பத்தியை எல்லாம் தூக்கிட்டேன்.

— தோள் குலுங்கினா?

— குறி.

— அப்புறம் என்னாச்சுன்னு உன் பக்கம் திரும்பிப் பார்த்தா?

— அதுக்கு ரெண்டு குறி. அப்படித் திரும்பித்தான் ஒரு பையனுக்கு முன்முடி படிக்கட்டு மாதிரி ஆயிடுச்சு. அவங்க அம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க.

— சிரிச்சா?

— சிரிச்சா ஆடாம இருப்பாங்களா? சிரிப்பு வந்த இடத்தை ஒண்ணுவிடாம எடுத்தாச்சு. முப்பத்தெட்டு பக்கம் எழுதினேண்ணா. அதுல தேறினது இந்தப் பன்னெண்டுதான்.

— கடவுளே.

— என்ன?

— ஒண்ணுமில்ல. இருபது வருஷமா எத்தனையோ பிழையைப் பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். சரி, கதை சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கடையில கூட்டம் எப்படி?

— அது பெரிய கூத்து. போன வாரம் வெட்டிட்டுப் போன பிள்ளை இந்த வாரம் வந்து நிக்குது. தலையில வெட்ட ஒண்ணுமே இல்ல. வீட்டுல ஒரே அடம்னு அவங்க அப்பா தலையில அடிச்சுக்கிறார். நாற்காலி சுத்துதுல்ல, அதுக்காகத்தான் வருதுங்க.

— இந்த நாற்காலி பத்து வருஷமா சுத்துதுடி.

— அதனால? என்ன சொல்ல வர்ற நீ?

— நல்ல இடத்தை எல்லாம் முடியோட சேர்த்துப் பெருக்கிக் குப்பையில கொட்டிட்டு, மிச்சத்தை என் கையில கொடுத்திருக்கன்னு சொல்றேன்.

— விளையாடாதண்ணா.

— விளையாடல.

— எனக்கு அழுகை வருது. கண்ணு மறைச்சா உன் காதுக்குத்தான் ஆபத்து, சொல்லிட்டேன்.

— ஒரு புத்தகத்துக்கா இந்தப் பாடு?

— உனக்குப் புரியாது. நீ திருத்தின புத்தகம் எல்லாம் எங்கேயோ ஒரு அலமாரியில இருக்கும். நான் பண்ற வேலை ஒரு மாசம் நிக்காது. எவ்வளவு அழகா வெட்டினாலும் வளர்ந்துடும். இத்தனை வருஷத்துல நான் பண்ணினது இதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே கிடையாது. நான் செஞ்சது ஏதாவது ஒண்ணு ஒரு பிள்ளை வீட்டுல அப்படியே இருக்கணும்னு ஆசை. அவ்வளவுதான். இதுவும் திரும்பி வந்தா இனிமே பேனாவைத் தொட மாட்டேன். ரெண்டு தடவை பொறுத்துக்கிட்டேன், மூணாவது தாங்காது.

— எடுத்ததை எல்லாம் எங்க வெச்சிருக்க?

— கிழிச்சுப் போட்டுட்டேன். ஆனா மனப்பாடமா இருக்கு. நாப்பத்தோரு தடவை சொன்னவளாச்சே.

— அப்போ ஒண்ணைச் சொல்லு. அதிகமா குறி விழுந்தது எது?

— அது வேண்டாம். அதுக்கு முப்பது குறிக்கு மேல. ரொம்ப மோசம்.

— அதையேதான் சொல்லு.

— நெருப்புக்கோழிக்கு முதல் நாள் வேலை. உள்ள கடுதாசி இருக்கான்னு பார்க்க, தபால் பெட்டிக்குள்ள தலையை விடுது. மாட்டிக்குது. வெளியில ரெண்டு காலும் வாலும் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வர்றார். கண்ணாடியை வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்தவர். ‘அடடே, இறகுல மூடி எல்லாம் போட்டுப் புதுப் பெட்டி வெச்சிருக்காங்களே’ன்னு சந்தோஷப்பட்டு, மெதுவா வாலைத் தூக்குறார்.

— ம்.

— ‘கடுதாசி போகமாட்டேங்குதே’ன்னு குடைக்காம்பால ஒரு குத்து குத்துறார். உள்ள இருந்து பெட்டி சொல்லுது, ‘ஐயா, இந்தப் பக்கம் வெளியே போறதுக்கு மட்டும்’னு.

— வெளியே போறதுக்கு... ஹஹ... ஐயோ, மட்டுமா...

— அண்ணா, ஆடாத. ஆடாதன்னு சொல்றேன்ல. போச்சு.

— என்ன போச்சு?

— கண்ணாடியைப் பார்க்காத.

— எவ்வளவுடி?

— காதுக்கு மேல நாலு விரல் அகலம். ரோடு போட்ட மாதிரி இருக்கு. இதுக்குத்தான் அந்த இடத்தை எடுத்தேன். நாளைக்கு போட்டோவுக்கு என்ன பண்ணப் போற?

— அது கெடக்கட்டும். ஒரு பேனாவும் பேப்பரும் கொடு. கிழிச்சுப் போட்ட இருபத்தாறு பக்கத்தையும் நீ சொல்லு, நான் எழுதறேன். காலையில இந்தத் தலையோடவே போய் ஆசிரியர் அம்மா முன்னாடி நிக்கிறேன்.

— நீக்கச் சொன்னதே அவங்கதானே? ரெண்டு தடவை வேண்டாம்னவங்க இப்போ மட்டும் எப்படி ஒத்துப்பாங்க?

— முதல்ல கத்திரியைக் கீழ வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நில்லு. அவங்க உன் கதையை இதுவரைக்கும் படிச்சதே இல்ல, கையெழுத்து மட்டும்தான் போட்டாங்க. தங்கச்சிக்குச் சலுகை காட்டினேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு, அந்த ரெண்டு கடிதத்தையும் எழுதினது நான்தான்.