கோயில் மணிக்கு இரண்டாவது சான்று

பண்டாரவளைக் குளிரில் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும், ஐயா. முதலில் குடியுங்கள். நான் எங்கும் ஓடப் போவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதி.

என் பெயர் ஜெயரூபன். இங்குள்ள தனியார் பல்கலைக்கழகமொன்றில் இணையப் பாதுகாப்பு விரிவுரையாளர். ஹல்துமுல்லைக்கு மேலே, குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழும் இளைஞர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். கடைசிப் பரீட்சையில் யாரும் ஏமாறாவிட்டால் அத்தனை பேருக்கும் கொழும்பு நிறுவனமொன்றில் வேலை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காரும் வேலை. நல்ல காரியம்தானே?

பயிற்சியின் சாரம் ஒன்றுதான்: வருகிற செய்தியை நம்பாதே. நாங்களே போலிச் செய்தி அனுப்பி, யார் மாட்டுகிறார் என்று பார்ப்போம். பயிற்சி பெறுபவர்களோடு லயத்தையே அதில் சேர்த்துக்கொண்டேன். வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று அனுப்பினால், "முடங்குறதுக்கு அதுல என்னா சேர் இருக்கு?" என்று சிரித்தார்கள். பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. 'மண்சரிவு அபாயம். உடனே வெளியேறவும். பாதுகாப்பான இடத்தை அறிய இங்கே அழுத்தவும்.'

அந்த மலையில் இதை அலட்சியம் செய்கிறவர் கிடையாது. சட்டி பானை, டீவி, கைப்பிள்ளைகளோடு லயம் முழுவதும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தது. நான் குடையோடு வாசலில் நின்று வரவேற்றேன்.

"எல்லாரும் பெயில்" என்றேன்.

பயிற்சிக் குழுத் தலைவி யசோதினி அழுதேவிட்டாள். அவளுடைய தாய் ரெங்கம்மா, நனைந்த கோழியொன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி, "வெக்கமா இருக்குங்க சேர்" என்றாள். கல்வி அந்த வெட்கத்தில்தான் தொடங்குகிறது, ஐயா.

அப்புறம் நல்ல முன்னேற்றம். எதற்கும் இரண்டு சான்று கேட்கவேண்டும் என்று விதி வைத்தேன். செய்தி ஒன்று, தினமும் காலையில் நான் மாற்றும் இரகசியச் சொல் இரண்டு. அந்தச் சொல் எனக்கும் யசோதினிக்கும் மட்டும் தெரியும். சொல்கிறவர் அதைச் சொன்னால்தான் செய்தி உண்மை. வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையை ஒருவரும் திறக்கவில்லை. மாப்பிள்ளை தாலியோடு வந்து நின்றபோது பெண்ணின் தகப்பனே, "நீங்கதான் மாப்புளன்னு எப்புடித் தம்பி நம்புறது?" என்றார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் மாரிசாமி கங்காணியிடமும் அடையாளம் கேட்டார்கள். "பொறந்ததுலருந்து பாக்குற மூஞ்சிடி இது!" என்று அவர் கத்தினார்.

ஆபத்தென்றால் கோயில் மணி அடிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். அதையும் திருத்தினேன். மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதற்கும் இரண்டாவது சான்று கேளுங்கள் என்றேன்.

பரீட்சை நாளன்று கொழும்பிலிருந்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் வந்து பண்டாரவளையில் எங்கள் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து விடாத மழை. நான் போலி எச்சரிக்கையை அனுப்புவதற்குள் அரசாங்கத்தின் எச்சரிக்கையே வந்துவிட்டது. குருவிமலை, மண்சரிவு, உடனே வெளியேறவும்.

"சேர், இது நாங்க அனுப்பினதில்லயே" என்றார் என் சக விரிவுரையாளர் முஷ்ரிபா.

"தெரியும்" என்றேன். வெளியே போய், மேட்டுக்கடியில் நிறுத்தியிருந்த என் காரை மட்டும் நகர்த்திவிட்டு வந்தேன். பிறகு மதிப்பீட்டாளர்களிடம், "பரீட்சை தொடங்கிவிட்டது" என்றேன்.

முஷ்ரிபா யசோதினியை அழைத்தார். ஸ்பீக்கரில் கோயில் மணி விடாமல் அடிப்பது எல்லாருக்கும் கேட்டது.

"யசோதினி, மிஸ் பேசுறேன். இது நெசம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க!"

"இன்னைக்கி ரகசியச் சொல்லு என்னாங்க மிஸ்?"

முஷ்ரிபா என்னைப் பார்த்தார். "சேர், சொல்லுங்க. அல்லாவுக்காகச் சொல்லுங்க."

"மிஸ் நன்றாக நடிக்கிறார்" என்று ஒரு மதிப்பீட்டாளர் என் காதில் பாராட்டினார். நான் புன்னகைத்தேன்.

மறுமுனையில் மாரிசாமியின் குரல்: "ஊத்துத் தண்ணி சேறா வருது, கல்லு உருளுது, ஓடுங்கடி!"

"மாமா, மணிய நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போங்க. பரீட்சையக் கெடுத்துறாதீங்க, எங்க வேல போயிரும்." பிறகு யசோதினி எங்களிடம் சொன்னாள்: "மிஸ்ஸோட கொரல கம்ப்யூட்டர்ல அப்புடியே செஞ்சிருக்கீங்க சேர். ஆனா நாங்க மாட்ட மாட்டோம்." பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். மணி நின்றது.

மதிப்பீட்டாளர்கள் கைதட்டினார்கள். ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் துறையில் அப்படியொரு முடிவு சுலபத்தில் வராது, ஐயா.

அவர்களுக்கு மாலைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது குருவிமலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. மணிச் சத்தம் கேட்டதும் ரெங்கம்மாவுக்குக் கால் தானாக ஓடிவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் கோழியோடு அவள் மட்டும் நின்றாளாம். அவள் ஒருத்திதான் பெயில். யசோதினி, மாரிசாமி, லயத்தில் இருந்த மற்ற எல்லாரும் பாஸ்.

முஷ்ரிபா உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. உண்மையான எச்சரிக்கை என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஊவா மாகாணம் முழுவதற்கும் ஒரு பயிற்சி நிலையம், அதற்கு நான் பணிப்பாளர் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பரீட்சை செல்லாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்றைய சொல் என்னவென்றா கேட்கிறீர்கள்? சொல்வதில் தடையில்லை. ஆனால் உங்கள் அடையாள அட்டையை முதலில் காட்டுங்கள், ஐயா. சீருடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.