சின்னப் பச்சை மாத்திரை

என் கடையில் ஈ மொய்க்காது ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புளித்த மீனைக்கூட மூடி போட்ட ஜாடியில்தான் வைத்து விற்பேன். வலி மாத்திரைப் பொட்டலம் கட்டும்போது மாத்திரையைக் கையால் தொடமாட்டேன், இடுக்கியால்தான் எடுப்பேன். கொன்கேன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள் நான்.

ஒரு பொட்டலத்தில் ஐந்து மாத்திரை. நாலு சும்மா துணைக்கு. ஐந்தாவது சின்னப் பச்சை, அது ஸ்டீராய்டு. வேலை செய்வது அதுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை இந்த ஊரில் படித்த ஒரே ஆளும் நான்தான். நாள்பட்டுச் சாப்பிட்டால் முகம் ஊதும், தோல் மெலியும், புண் ஆறாது என்று அதில் போட்டிருந்தது. அப்படிச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் இருந்தது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவ்வளவு பெரிய தாளைப் பொட்டலத்தில் எங்கே வைப்பது?

பின்தொங் என்ற பெண் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலியோடு என் கடைப் படியில் தவழ்ந்து ஏறினாள். மூன்றாம் நாள் கோயில் திருவிழாவில் மேளவண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு காலை ஒரு பொட்டலம், மாலை ஒரு பொட்டலம். ஆறே மாதத்தில் முகம் வட்டமாக உப்பிவிட்டது. அவள் புருஷன் கம்சிங்குக்குப் பெருமை தாங்கவில்லை.

"லம்துவான் பெரியம்மா, எம் பொண்டாட்டியப் பாத்தீங்களா? கன்னம் ரெண்டும் பூசணிக்காயாட்டம் ஆயிப்போச்சு. எங்க ஆத்தா வீட்டுல எல்லாரும் வயிறெரியுறாங்க."

"நீ நல்லா சோறு போடுற போல," என்றேன். மனுஷன் சந்தோஷப்படும்போது நாம் கெடுப்பானேன்?

ஆனால் போன வருஷத்திலிருந்து அவளைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. கணுக்காலில் ஆறாத புண். அதில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்தது. வியாபார நேரத்தில், நாலு பேர் பார்க்க, ரவிக்கையைத் தூக்கி வயிற்றில் ஓடிய ஊதா வரிகளைக் காட்டுவாள். நாக்கில் தயிர் போல வெள்ளை படிந்திருக்கும், பேசினால் நாறும். அவள் எழுந்து போனதும் பெஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். என்ன ஜென்மங்களோ, தன் உடம்பு அழுகுவதுகூடத் தெரியாமல் இன்னும் இரண்டு பொட்டலம் கொடு என்று கேட்கிறார்கள்.

போன திங்கட்கிழமை காலையில் ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். வியாழக்கிழமை சுகாதாரத் தொண்டர்கள் ஸ்டீராய்டு பரிசோதனைப் பெட்டியோடு வருவார்கள், அவரவர் வீட்டில் சாப்பிடும் பொட்டலங்களை எடுத்து வையுங்கள் என்று. அன்று மதியத்துக்குள் பத்தொன்பது வீடு ஏறி இறங்கினேன். மருந்து பழசாகிவிட்டது, புதுசு வரும் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிட்டத்தட்ட எல்லோரும் கொடுத்தார்கள். மற்றவர்கள் முதுகு வலித்தால் எப்போதாவது ஒன்று சாப்பிடுகிறவர்கள், நிறுத்தினாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்தொங் மட்டும் பொட்டலங்களை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நாள் விட்டாலே கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது பெரியம்மா. பாதி மாத்திரையாச்சும் விட்டுட்டுப் போங்க."

"ஒண்ணுகூட இருக்கக் கூடாதுடி," என்று எல்லாவற்றையும் மடியிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப நான் சுகாதார நிலையத்து நர்ஸம்மாகிட்ட போறேன். அவங்க கொஞ்சங்கொஞ்சமா கொறச்சுக் குடுப்பாங்களாம்."

"போ, தாராளமா போ. எங்க வாங்கினேன்னு கேப்பாங்க. நீ வாயத் தொறந்தா நாளைக்கு ஊருல ஒருத்திக்கும் மாத்திரை கிடைக்காது. அப்புறம் யாரு உன்ன மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குக் கூப்பிடுறான்னு பாக்கலாம்."

அவள் போகவில்லை. நல்ல பெண், சொன்ன பேச்சைக் கேட்பாள்.

வியாழக்கிழமை தொண்டர்கள் வந்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. என் கடையில் பப்பாளிக்காய் சாலட் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை இன்னொரு முறை வருவோம் என்று சொல்லிப் போனார்கள். வெள்ளிக்கிழமை கம்சிங் ஓடி வந்தான்.

"ஓயாம வாந்தி எடுக்குறா பெரியம்மா. எந்திரிச்சா மயங்கி விழுறா. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கட்டுமா?"

"வெயிலுப்பா. உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடு. ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்."

எனக்கு அது வெயில் இல்லை என்று தெரியும்.

சனிக்கிழமை மதியம் நானே போய்ப் பார்த்தேன். கம்சிங் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். பின்தொங் பாயில் வாந்தியிலேயே கிடந்தாள். நாடி பிடித்தேன், விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. வார்டில் இருந்தவளுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணைத் திறந்து, "பச்சை," என்றாள்.

என் கைலி மடிப்பில் ஓர் அட்டை முழுக்கப் பச்சை இருந்தது ஐயா. பத்து மாத்திரை. ஒன்றைக் கரைத்து ஊற்றிவிட்டு வண்டியைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள், திங்கட்கிழமை தொண்டர்களும் வருகிறார்கள். அதுவும் போக, உண்மையைச் சொல்கிறேன், அவள் உதட்டோரம் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த வாயைத் தொட எனக்கு மனம் வரவில்லை. "தூங்கு, சரியாப்போயிடும்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

நான் கொலை செய்தேன் என்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தியதால்தான் அவள் செத்தாள் என்று உங்கள் பெரிய டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே. அப்படியானால் என் மருந்தில் என்ன குறை ஐயா?