வலது காலில் கட்டு

மச்சான்: ...கதவைச் சாத்திட்டேன். காலை நீட்டு மாப்ளே, கட்டை நான் அவுக்குறேன்.

மாப்பிள்ளை: என்கிட்ட ரெண்டு கோல் வாங்கின ஆளுக்கு வேற வேலை இல்லையோ?

மச்சான்: பேசு, பேசு. இன்னிக்கு உன் நாள். எங்க மில் டீம் மேனேஜர் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாரு.

மாப்பிள்ளை: என்னன்னு?

மச்சான்: "தங்கச்சியைக் கொடுத்தது போதாதா, கோலையும் கொடுக்கணுமா"ன்னு.

மாப்பிள்ளை: நியாயமாத்தான் கேட்டிருக்காரு... சரி, இந்தியா டீமுக்கு ஆள் எடுக்க வந்த பெரியவர் என்ன சொன்னாரு?

மச்சான்: சென்டர் பார்வர்டு நீதானாம். நம்ம பக்கத்துலேருந்து கப்பலேறி ஆடப்போற முதல் ஆளு.

மாப்பிள்ளை: தெரியும்.

மச்சான்: அடேங்கப்பா... யாரு சொன்னா?

மாப்பிள்ளை: யாரு சொல்லணும்? ரெண்டாவது கோல் விழுந்ததுமே அவரு குடையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாரே.

மச்சான்: திமிரு உடம்பெல்லாம்... ஆங், அவுந்துருச்சு. எங்க காயம்?

மாப்பிள்ளை: எந்தக் காயம்?

மச்சான்: இவ்ளோ பெரிய கட்டு போட்டிருந்தே. உள்ள ஒரு கீறல்கூட...

மாப்பிள்ளை: வெறுங்கால்ல புட்பால் ஆடுறவன் கால்ல கட்டைப் பாத்தா, உன்னை மாதிரி கோலுக்கு முன்னாடி மறிச்சு பேக் ஆடுறவன் என்ன பண்ணுவான்? அந்தக் காலைத்தான் தேடி வருவான்.

மச்சான்: வந்தேன்.

மாப்பிள்ளை: நல்லா வந்தே. அடிபட்டது இடது கால் மச்சான். பிராக்டீஸ்ல கட்டைவிரல் உடைஞ்சுபோச்சு. வெளிய தெரிஞ்சா என்னை உக்கார வச்சிருப்பாங்க. உன் தங்கச்சிகிட்டகூட மூச்சு விடல.

மச்சான்: இந்தா, உன் கட்டுத்துணி. நீயே வச்சுக்க.

மாப்பிள்ளை: என்ன மச்சான்? ஏமாந்துட்டோம்னு கோவமா?

மச்சான்: நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்ல. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினே. இடது செருப்பைப் பாதிதான் மாட்டியிருந்தே.

மாப்பிள்ளை: ...பாத்துட்டியா?

மச்சான்: பாத்தேன். பந்தைத் தடுக்க உயிரைக் கொடுத்து ஆடினேன், அது சத்தியம். அந்த இடது காலை மட்டும் தொட மனசு வரல. விரல் போனா உன் கப்பலும் போயிரும்... வெளிய சொல்லிராத மாப்ளே. மேனேஜர் காதுல விழுந்தா மில்லு வேலையே போயிரும்.

மாப்பிள்ளை: எனக்கு முதல் பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு.

மச்சான்: என்ன தெரிஞ்சுது?

மாப்பிள்ளை: நீ என் இடது கால் பக்கம் காலை நீட்டவே மாட்டேங்குறேன்னு. இல்லேன்னா உடைஞ்ச விரலை வச்சுக்கிட்டு, ரெண்டு கோலையும் இடது கால்ல அடிக்க எனக்கென்ன கிறுக்கா?