விரிசல் விட்ட மூலை

டீ நல்லா இருக்கு சார். இந்த ஸ்டேசன்ல இப்படி ஒரு டீ கிடைக்கும்னு நினைக்கல. கேளுங்க, சொல்றேன்.

சிம்மக்கல்லுல ஒரு பழக்கடைக்கு மேல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துறேன். ஜெயபாண்டி சாருன்னா அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குக் கூச்சம் போகணும்ல, அதுக்கு ஒரு வழக்கம் வச்சிருந்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருல சாஞ்சு நின்னு, கீழ போற டவுன் பஸ் ஹாரனைத் தாண்டிக் கேக்குற மாதிரி இங்கிலீஷ் பேசணும். மத்தவங்க எதிர்ப்பக்கம் உக்காந்து கேப்பாங்க.

சமயநல்லூர்ப் பிள்ளை பவதாரிணி அங்கதான் வாயைத் தொறந்தா. அப்பா சோலை, கொத்தனாருக்குக் கையாளு. வந்தப்ப பேரு சொல்லவே நடுங்குவா. போகப்போக மத்த பிள்ளைக சந்தேகத்தை அவகிட்டயே கேக்க ஆரம்பிச்சிருச்சுக. ஊர்லயே வகுப்பு ஆரம்பிக்கப் போறேன், நீங்கதான் வந்து விளக்கேத்தணும்னு என் கால்ல விழுந்தா. நல்லா இரு தாயின்னேன்.

அந்த வாரம் ஒப்பிட்டுப் பேசுறதை நடத்துனேன். அழுத்திச் சொல்லணும்னா சும்மா 'பெட்டர்' பத்தாது, 'மச் பெட்டர்'னு சொல்லணும், 'பெஸ்ட்'டுக்கு முன்னால 'பை ஃபார்' போடணும். ஆளுக்கொரு உதாரணம் சொல்லுங்கன்னேன். அழகுபாண்டின்னு ஒரு பய எந்திரிச்சு, "பவதாரிணி அக்கா இஸ் மச் பெட்டர் தேன் சார்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும், "டேய், சும்மா இருடா"ன்னு அதட்டுனா. நானும் சிரிச்சேன். தப்பில்லாத வாக்கியம், அதனால வெரிகுட்டுன்னு சொன்னேன்.

இத்தனை வருசமா யாரு நல்லா பேசுறா, யாரு அதைவிட நல்லா பேசுறான்னு நான்தான் சொல்லிட்டு இருந்தேன். என்னைய ஒருத்தன் அளந்தது அதுதான் முதல் தடவை. வயிறு எரிஞ்சுச்சு சார். மறைக்க என்ன இருக்கு.

மழையில மாடி மூலையில சுவரு விரிசல் விட்டுக் கிடந்துச்சு. பிள்ளைக அந்தப் பக்கம் போயிறக் கூடாதுன்னு நானே கயிறு கட்டி வச்சிருந்தேன். பிள்ளைக மேல அம்புட்டு அக்கறை எனக்கு. மறுநாக் காலையில போயி அந்தக் கயிறை அவுத்துட்டேன்.

சாயங்காலம் அவளை அந்த மூலையில நிக்கச் சொன்னேன். "சார், இங்க விரிசல் இருந்துச்சுல்ல?"ன்னு கேட்டா. புத்திசாலிப் பிள்ளை.

"பூசியாச்சும்மா. நல்லா சாஞ்சு நில்லு. இன்னும் சத்தமா."

"சரிங்க சார்"னு சாஞ்சா. நான் சொன்னா நம்பிருவா.

என் கை அவ மேல படவே இல்ல சார். ஆனாலும் கொன்னது நான்தான், எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. விழுகுறப்ப "அம்மா"ன்னுதான் கத்துனா. ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரல. நானா இருந்தா இங்கிலீஷ்லதான் கத்தியிருப்பேன்.