அரவைக்கு ஏற்ற படகு

“இது படகா, வாழைப்பழமா? ரெண்டு முனையும் மேல வளைஞ்சு நிக்குது. இதுல ஏறித்தான் அரவையில இறங்கப் போறியா?”

“நீங்க ஒரு நாளாவது ஆத்துல முட்டி நனைச்சிருக்கீங்களா? மூணு வருஷமா இறங்குறேன். எனக்குத் தெரியாதா எது வேணும்னு?”

“தெரிஞ்சவங்களத்தான் ஆறு அடிச்சிட்டுப் போகுது. தெரியாதவன் கரையிலயே நின்னுக்குவான்.”

“அதான் நீங்க கரையிலயே நிக்கறீங்க. கையில அளக்கற டேப்பு வேற.”

கணக்கு வாத்தியாரும் அவர் மனைவி பல் டாக்டரும் எங்கள் கடை முற்றத்தில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் படகு துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே படகை மூன்றாவது முறையாகத் துடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை அதன் பக்கத்தில்தான் நடந்தது. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எதிர் வீட்டுக்காரர்கள் நம் காதருகே வந்து கத்தினால் என்ன செய்வது, காதைக் கழற்றியா வைக்க முடியும்?

டாக்டர் எப்படி இறந்தாள் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது, தெரியும். உங்கள் போலீஸ் கோப்பில் விபத்து என்று எழுதி மூன்று வருடமாகிறது. ஆனால் படகைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆற்றில் பாறைகளுக்கிடையே தண்ணீர் நுரைத்துப் பாய்கிற இடங்களை இறக்கம் என்போம். கடைக்குப் பின்னால் இருப்பது தொட்டில். பேருக்கேற்றபடி ஆட்டிவிடும், கவிழ்த்தாலும் செல்லமாகக் கவிழ்க்கும். அரை மணி நேரம் மேலே நடந்தால் அரவை. அங்கே மூன்று படியாகத் தண்ணீர் விழுகிறது. இரண்டாம் படிக்குக் கீழே வீட்டளவு பாறை ஒன்று நடு ஆற்றில் நிற்கும். தொட்டிலில் கற்றுத் தேறியவர்கள் அடுத்து அரவைக்கு ஆசைப்படுவார்கள். அப்போது பழைய கனோ, அதாவது துடுப்புப் போடுகிற திறந்த படகு, போதாது. எது வேண்டும் என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள். பத்தொன்பது வருடத்தில் தப்பான படகை ஒருவருக்கும் நான் கொடுத்ததில்லை.

வாத்தியார் நீளமான படகைக் காட்டினார். அடி தட்டையானது, ஆடாது, நேராகப் போகும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் பாறைக்கு முன்னால் சட்டென்று திரும்பவேண்டிய இடத்தில் அது யோசித்து, தயங்கி, பெரிய மனிதர் மாதிரி திரும்பும். டாக்டர் கேட்டதோ மிகக் குட்டையானது. நின்ற இடத்தில் சுழலும். கொஞ்சம் சாய்ந்தாலும் கோபித்துக்கொண்டு கவிழ்த்துவிடும். கை தேர்ந்தவர்களுக்கு அது சரி. தொட்டிலிலிருந்து அரவைக்குப் போகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். முனைகள் அளவாக வளைந்து, பக்கவாட்டு உயரமாக, தண்ணீர் அதிகம் ஏறாததாக, தப்பு செய்தால் ஒரு முறையாவது மன்னிப்பதாக.

“சண்டைய நிறுத்துங்க ரெண்டு பேரும். அந்தப் பச்சையப் பாருங்க,” என்றேன். “வாத்தியார் சொன்ன நிதானமும் இருக்கு, டாக்டர் கேட்ட வேகமும் இருக்கு.”

“அக்கா சொன்னா சரி,” என்றாள் டாக்டர். வாத்தியார் பச்சைப் படகை நான்கு பக்கமும் அளந்து பார்த்தார். எதற்கு அளந்தார் என்று அவருக்கே தெரியாது. அளந்து முடித்ததும் கோபமும் தீர்ந்துவிட்டது.

இன்றைக்கும் சொல்கிறேன், அவளுக்கு அதைவிடப் பொருத்தமான படகு கிடையாது. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அப்பா அம்மா போனபின் நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அவனுக்காகத்தான் தட்டிக்கழித்தேன். எல்லாம் என்றால் இரண்டு. ஆற்றில் இறங்கக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. டாக்டருக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அந்த வருடம் திடீரென்று தம்பி தலையை வழித்து வாரத் தொடங்கினான். புதுச் சட்டை இரண்டு வாங்கினான். மாதத்துக்கு மூன்று முறை பல் காட்டப் போனான். அவனுக்குக் கல்லைக் கடித்தாலும் உடையாத பல். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே டாக்டரின் ஆஸ்பத்திரிப் படி தெரியும். ஆறு மணிக்கு உள்ளே போனால் ஏழேகாலுக்கு வருவான், உதட்டில் சிரிப்போடு. பல் பிடுங்கிக்கொண்டவன் சிரித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நானே போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் அடுத்த செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனேன். பல்லில் குழி உண்மையிலேயே இருந்தது, பொய் சொல்லவில்லை. முன்னறையில் சீட்டு எழுதுகிற பெண் என் பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே போட்டாள். பதற்றக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவளை அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் கவனிக்காமல் விட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் ஊசி போட்டாள். வாய் மரத்தது. நான்கு உருண்டை பஞ்சை உள்ளே திணித்தாள். பிறகு வேலை செய்துகொண்டே சொன்னாள்:

“அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும். உங்க தம்பி விஷயம். ஆனா நான் சொல்லக்கூடாது, அவரே சொல்வார். பயப்படறார். நீங்க கோவப்படாம கேட்டுக்கணும், என்ன?”

கேள்வி கேட்பதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அரை மணி நேரம் என்னால் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. “ஆ” என்றேன். அவள் சிரித்து, “அவ்ளோதான் அக்கா, நல்லா கொப்புளிங்க,” என்றாள். வெளியே வரும்போது எனக்குக் கேள்வி எதுவும் மிச்சம் இருக்கவில்லை. புருஷன் இருக்கிறவள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இதில் கேட்க என்ன இருக்கிறது? பாவம் அந்த வாத்தியார், டேப்பை வைத்து எதை எதையோ அளந்துகொண்டிருந்தார். ஒரு குடும்பம் கலையப் போகிறதே என்றுதான் எனக்கு வருத்தம். வேறு எண்ணம் எனக்கு இல்லை.

இப்போது காற்றுப்பை. அரவைக்குப் போகிற கனோவில் முன்னும் பின்னும் பெரிய காற்றுப்பைகள் வைத்து, மேலே கயிற்று வலை கட்டுவோம். படகு கவிழ்ந்தாலும் தண்ணீர் நடுவில் மட்டும்தான் நிற்கும், படகு மிதக்கும். பையில்லாமல் நிரம்பிய கனோ ஒரு யானைக் குட்டியின் எடை. வெயிலில் காற்று விரிந்து பை வெடித்துவிடும் என்பதால், முற்றத்தில் நிற்கும் படகுகளில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். இறக்கியதற்கு அடையாளமாகக் குறுக்குக் கட்டையில் சிவப்புத் துணி கட்டுவோம். ஆற்றங்கரையில் மறுபடி ஊதி நிரப்பிய பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். எங்கள் கடையில் இது சட்டம். நான் போட்ட சட்டம்.

சனிக்கிழமை டாக்டர் முதல் முறையாக அரவையில் இறங்குவதாக இருந்தது. அவளோடு படகு கிளப்பைச் சேர்ந்த இரண்டு பேர். தம்பி எப்போதும் ஒவ்வொரு பையையும் முஷ்டியால் குத்திப் பார்ப்பான். அதனால் அவனை ரயில் நிலையத்துக்கு அனுப்பினேன், துடுப்புப் பார்சல் எடுக்க. பார்சல் புதன்கிழமையே வந்துவிட்டது. நான்தான் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

காலையிலிருந்து பச்சைப் படகு வெயிலில் நின்றது. பதினொரு மணிக்கு மிச்சக் காற்று பை முழுக்க விரிந்து வலையை முட்டிக்கொண்டு நின்றது. சிவப்புத் துணியை அவிழ்த்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பையைக் கிழிக்கவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. அப்படியெல்லாம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

டாக்டர் உள்ளங்கையால் பையை அழுத்திப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.

“தம்பி வரட்டுமா அக்கா? அவர் ஒரு தடவ பாத்துட்டா நல்லது.”

“அவன் காலையிலயே எல்லாம் பாத்துட்டான் டாக்டர். நேரா அரவைக்குக் கீழ வந்து நிக்கறானாம். போன் பண்ணான்.”

“அப்ப சரி,” என்றாள். பிறகு, “பல்லு எப்படி இருக்கு அக்கா?” என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மலையிலிருந்து வருகிற தண்ணீர் எலும்பைத் தொடும். சூடான காற்று அதில் எவ்வளவு சீக்கிரம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். முதல் படியில் அவள் அழகாக இறங்கினாளாம். படகு சொன்ன பேச்சைக் கேட்டதாம். இரண்டாம் படியில் அலை உள்ளே விழுந்திருக்கிறது. பைகள் தொளதொளத்துப் போனதால் முனை முதல் முனை வரை நிரம்பிவிட்டது. கவிழ்ந்ததும் அவள் பாறையின் பக்கமாக விழுந்தாள். படகு பின்னாலேயே வந்து அவளைப் பாறையோடு வைத்து அழுத்தியது. நான்கு பேர் கயிறு கட்டி இழுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கடை வாசலில் நின்று நான் துணியை மடித்தேன்.

ஊதி நிரப்ப மறந்துவிட்டாள், முதல் தடவை என்ற பரபரப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போனேன். வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் சீட்டு எழுதுகிற பெண் என் தம்பியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். தெருவே பார்க்கச் சாய்ந்திருந்தாள். தம்பி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்காகிட்ட பேசிட்டேன், அவங்க கோவப்படலன்னு டாக்டர் சொன்னாங்க. ஞாயித்துக்கிழம எங்க ரெண்டு பேரையும் அவங்களே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்னாங்க.”

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஆள் மாறிவிட்டது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இவர்களைத் தன் ஆஸ்பத்திரியில் சந்திக்க விட்டவள் யார்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒளித்தவள் யார்? அவளும் முழுக்கச் சம்பந்தமில்லாதவள் இல்லை.

அந்தத் துணியைத் தம்பி என் துணிக்கூடையில் பார்த்தான். கையில் எடுத்தான், என்னைப் பார்த்தான், திருப்பி வைத்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பார்கள் கேட்பார்கள் என்று மூன்று வருடம் வாயில் வைத்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு சிரமம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் நானே வந்தேன். துணியை அவிழ்த்தது நான். தம்பி பார்த்துவிட்டான் என்று பொய் சொன்னதும் நான். டாக்டர் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்துதான் செய்தேன்.

வாத்தியார் வீட்டைக் காலி செய்துகொண்டு அவர் அக்கா ஊருக்குப் போனார். அங்கே போன வருடம் தையல் டீச்சர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டாராம், ஆறு இல்லாத ஊர். தம்பியும் அந்தப் பெண்ணும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு அன்றைக்கே வண்டி ஏறிவிட்டார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நான் விசாரிக்காத இடமில்லை. குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டும் காதில் விழுந்தது. இவ்வளவும் நான் சொன்ன பிறகு நீங்கள் அவனைத் தேடிப் பிடித்து விசாரித்துத்தானே ஆகவேண்டும்? உங்களால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிட முடியும். போகும்போது குழந்தை யார் ஜாடை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டு ஜாடையாக இருந்தால் விலாசத்தோடு எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பெண் ஜாடை என்றால் சொல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.