எம்மெட் டுவோராக்கின் கடைசிக் காட்சி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால் பேஸ்பால் பார்க்கப் போனதே குறைவு. ஒரு பேஸ்பால் வீரரின் வாழ்க்கையைப் படமாக எழுத அது தடையில்லை என்று ஹாலிவுட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எம்மெட் டுவோராக் சிகாகோவின் செல்லப்பிள்ளை. ரத்தத்தில் ஏதோ நோய். குளிர்காலத்தைப் பார்க்கமாட்டார் என்று பத்திரிகைகள் எழுதியதும் எங்கள் தயாரிப்பாளர் கிரேடி அவர் கதையை வாங்கிவிட்டார். நான் எழுதிய கடைசிக் காட்சியில் நிரம்பிய மைதானத்தில் வீரர் விடைபெறுகிறார், மேகம் விலகுகிறது, மறைந்தார் என்று திரையில் எழுத்து வருகிறது. இதை வாசித்துக் காட்டியபோது கிரேடி தன் கைக்குட்டை போதாமல் என்னுடையதையும் வாங்கிக்கொண்டார்.

படப்பிடிப்பு முடிகிற நேரத்தில் டுவோராக்குக்கு உடம்பு தேறியது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது தட்டு வறுத்த கோழி கேட்டாராம்.

"நம்ம படம் உண்மைக்குக் கட்டுற கோயில்யா. இந்த மனுசன் இப்படிப் பண்ணலாமா?" என்றார் கிரேடி.

பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பழைய மருந்தின் தெம்பு சில வாரம்தான் தாங்கும், புது ஊசிக்கு மாறினால் பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி லொரெட்டாவே எனக்குப் பூரிப்போடு விளக்கினாள்.

ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம். தொடர்ந்து ஜெயிக்கும்போது எதையும் மாற்றமாட்டார்கள். போட்ட சாக்ஸைத் துவைக்கக்கூட மாட்டார்கள். அழுக்கு சாக்ஸோடு டுவோராக் ஒரு கோடை முழுக்க ஜெயித்ததை நானே நகைச்சுவைக் காட்சியாக எழுதியிருந்தேன்.

லொரெட்டா காபி வாங்கப் போனாள். நான் கேட்டேன்: "ஏன் எம்மெட், ஜெயிச்சிட்டிருக்கும்போது எவனாச்சும் சாக்ஸ மாத்துவானா?"

அவர் மேசைமேலிருந்த ஊசிப் பெட்டியைத் தள்ளிவைத்தார். "டாக்டர் மட்டை பிடிச்சவர் இல்லையே, அவருக்கு எங்க தெரியப்போகுது. நல்லவேளை சொன்னய்யா" என்று என் கையைக் குலுக்கினார். நல்ல பிடி.

லொரெட்டா கெஞ்சினாள். டாக்டர் கத்தினார். பார்க்க வந்த பழைய கூட்டாளிகளோ, எம்மெட் செய்வதுதான் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். படம் வெளியாவதற்கு முந்தின வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

என் வாக்குமூலத்தில் கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். எழுதிக்கொள்ளுங்கள், ஊசி போடாவிட்டால் சாவார் என்று தெரிந்துதான் கேட்டேன். ஆனால் முதல் காட்சியன்று அரங்கில் லொரெட்டா என் தோளில் சாய்ந்து அழுததையும் சேர்த்து எழுதுங்கள். "ஒரு இடத்துலகூடப் பொய் இல்லீங்க" என்றாள். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.